மங்களம் கலந்து கொடுத்த கஞ்சி

போன வாரம் அமிர்தலிங்கத்தை வரப்பு முனையில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. "நடந்தாரா, விழுந்தாரான்னு சொல்லாம ஒரு வாரம் எங்களைக் காயப் போட்டுட்டீங்களே, நல்லாயிருக்கா இது?" என்று திருவாரூரிலிருந்து ஒரு அம்மா கோபமாகவே கேட்டிருந்தார்.

அம்மா, நடந்தார். விழவும் விழுந்தார். ஆனால் அன்று காலையில் அடுப்படியில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலே வரி. பாபநாசத்துக்குத் தெற்கே மருதவனக்குடி. அமிர்தலிங்கம் அங்கே நிலத்துக்காரர். போன வருஷம் வரைக்கும் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருந்தவர். இதயச் சுவர் தடித்துப் போயிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டார். ராத்திரி மூக்கில் மெஷினை மாட்டாமல் படுக்க முடியாது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் எழிலரசி ஒற்றைக் காலில் நின்று அழைத்துப்போய், வயிற்றைச் சிறியதாக்கும் ஆபரேஷனைச் செய்ய வைத்தாள். பதினோரு மாதத்தில் ஏறக்குறைய ஐம்பது கிலோ இறங்கிவிட்டது.

இவருக்கும் தம்பி துரைராசுவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. எரிவாயுக் குழாய் பதிக்கத் தம்பி தன் வயலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அண்ணனோ அதை எதிர்த்து ஊரைத் திரட்டியவர். போதாததற்கு இரண்டு பேரும் இரண்டு கட்சி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, இந்த வாசலில் ஒரு கொடி, அந்த வாசலில் ஒரு கொடி. இரண்டு கொடியும் ஒரே காற்றில்தான் ஆடுகின்றன, அது வேறு கதை.

இனி அடுப்படிக்குப் போவோம்.

அமிர்தலிங்கத்தின் பெண்டாட்டி மங்களாம்பிகை விடிந்ததும் விடியாததுமாகக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். புருஷன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். அம்மிக் குழவியின் முனையால் இரண்டு மாத்திரையை நுணுக்கினாள்.

அந்த இரண்டையும் தஞ்சாவூர் டாக்டரம்மா மூன்று மாதத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "இனிமே இது வேணாம், பிரஷர் நல்லா இறங்கிடுச்சு, இந்த ஒண்ணு மட்டும் போதும்" என்று அமிர்தலிங்கத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மங்களம் ஆட்டவில்லை.

வயிற்றில் கத்தி வைத்தால் நெஞ்சு எப்படிச் சரியாகும்? அவள் மண்டையில் அது ஏறவே இல்லை. அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்த மறு வருஷம் மாமனார் நாற்றங்காலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு புருஷனுடைய அண்ணன், களத்தில், போர் அடித்துக்கொண்டிருந்தபோதே. இரண்டு பேருமே ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. அமிர்தலிங்கத்துக்கு இந்தப் பங்குனியோடு ஐம்பத்திரண்டு. இதில் மாத்திரையை நிறுத்து என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் மனசு வரும்?

அதனால் நிறுத்தவில்லை. தினமும் கஞ்சியில் கலந்து கொடுத்துவந்தாள். அட்டை தீர்ந்தால் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி வந்துவிடுவாள்.

அன்றைக்கு ஒரு படி மேலே போனாள். கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு அட்டையிலிருந்து இன்னும் ஒன்றைப் பிதுக்கி எடுத்து அதையும் நுணுக்கிப் போட்டாள். வெயிலில் வரப்பில் நடக்கப் போகிறாரே, நெஞ்சுக்குக் கூடுதலாக ஒரு காவல் இருக்கட்டும் என்று நினைத்தாள். பாவி மகள், வேறு என்ன சொல்ல!

"என்னடி இது, இன்னைக்கு ரொம்பக் கசக்குது?" என்றார் அமிர்தலிங்கம், ஒரு மடக்குக் குடித்துவிட்டு.

"சுக்கு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. குடிங்க."

"சுக்கா இது? வேப்பிலையை அரைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"ஒரு டம்ளரை அரை மணி நேரம் குடிக்கிறீங்க, அதுல ஆராய்ச்சி வேற. நேரமாகுது, சர்வேயர் வந்துருவாரு."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்சை அடைக்கும். இட்லிக் கொப்பரையில் முதல் ஈட்டை ஒரே ஆளாக முடித்த மனுஷன், இப்போது ஒரு இட்லியில் பாதியை மிச்சம் வைக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மங்களத்துக்கு வயிறு எரியும். அவர் எரிச்சல் படுவதில்லை. "எனக்குப் பசிக்கலடி, நீ ஏன் அழுவுற?" என்பார்.

"நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டபோது. "எல்லைக் கல்லு எங்க இருக்குன்னு நம்ம வயலைப் பாத்துக்கிற வைரக்கண்ணு காட்ட மாட்டாரா? நீங்கதான் போவணுமா?"

"நிலம் என் பேர்ல இருக்கு. குழாய் என் வரப்புக்குள்ள நாலடி வருதுன்னு சொல்றவன் நான். நான் போயிக் கல்லைக் காட்டாம ஆளு அனுப்புனா, அந்தக் குண்டனால நடக்க முடியலன்னு சொல்லுவானுங்க. ஏழு வருஷமா அதானே சொன்னானுங்க."

"சொல்லிட்டுப் போவட்டும்!"

"மங்களம்." அவர் குரல் இறங்கியது. "ஏழு வருஷமா என் வயலை ரோட்டுல கார்ல உக்காந்துதான் பாத்தேன். இன்னைக்குப் போயிட்டு வந்துடறேனே."

மங்களம் மோர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். அவர் அதை மறந்து பைக்கிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊர் ஜனம் முப்பது நாற்பது பேர், அளவையைப் பார்க்க வந்தவர்கள் பாதி, அமிர்தலிங்கம் நடப்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதி.

துரைராசு தன் வரப்பில் தனியாக நின்றார். நல்ல உடம்பு அவருக்கும். அந்தக் குடும்பத்து வாகு அது. கழுத்தில் கட்சிக் கரைத் துண்டு. "வயித்தை அறுத்துக்கிட்டு வத்தலாப் போயிட்டாரு எங்கண்ணன். ஆம்பளைன்னா சாப்புடணும்" என்று டீக்கடையில் அவர் சொன்னது ஊருக்கே தெரியும். அமிர்தலிங்கத்துக்கும் தெரியும்.

"நீங்க இங்கேயே நில்லுங்க சார், யாராச்சும் காட்டட்டும்" என்றார் சர்வேயர், பழைய அமிர்தலிங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு.

"நான்தான் காட்டுவேன், வாங்க."

செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வரப்பில் காலை வைத்தார். உளுந்து பிடுங்கி முடிந்து வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். முன்னெல்லாம் அவர் கால் வைத்தால் வரப்பு மண் சரிந்து வயலில் விழும். பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். கடைசியில் வெட்கப்பட்டு வருவதையே விட்டுவிட்டார்.

இப்போது நடந்தார். முதலில் பயந்து பயந்து, பிறகு சாதாரணமாக. பாதி தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. மூச்சு வாங்கவில்லை! வாயை மூடிக்கொண்டே நடக்கிறார்! சர்வேயர்தான் பின்னால் தடுமாறிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க சார்" என்றார் சர்வேயர்.

அமிர்தலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த வார்த்தையை அவரிடம் ஒருத்தர் சொல்லிக் கேட்பதற்கு இத்தனை வருஷம் ஆயிருக்கிறது. வாய்க்கால் ஓரம் கொக்குகள் எழுந்து பறந்தன. அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கௌரவம் பார்த்து அடக்கிக்கொண்டார்.

கோடி வரப்பில் புல் மண்டிக் கிடந்தது. "இஞ்சதான்" என்று குந்தி உட்கார்ந்து, கையாலேயே புல்லையும் மண்ணையும் விலக்கினார். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கருங்கல்லின் தலை தெரிந்தது.

"இதோ! பாருங்க, இதோ இருக்கு கல்லு!" என்று சொல்லிக்கொண்டே சடாரென்று எழுந்தார்.

எழுந்தவர் நிற்கவில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. காது அடைத்தது. சர்வேயரின் முகம் தூரமாகப் போனது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து காய்ந்த வயலில் விழுந்தார்.

"ஐயோ, நெஞ்சு வலி! இவங்கப்பாவுக்கு வந்த மாதிரியே!" என்று யாரோ கத்தினார்கள்.

ரோட்டில் நின்ற மங்களம் அந்தக் கூச்சலைக் கேட்டாள். ஆம், அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை, பின்னாலேயே வந்துவிட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மூன்றாவது ஆள். இந்த வீட்டில் மூன்றாவது ஆள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது துரைராசு ஓடினார். வரப்பையெல்லாம் பார்க்கவில்லை, வயலில் இறங்கிக் குறுக்கே ஓடினார். அண்ணனின் கக்கத்தில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை. ஒரே தூக்கு.

போன வருஷமாக இருந்தால் ஆறு பேர் வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு கட்டில் வேண்டும். அன்றைக்கு ஒரே ஆள் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் வந்தார். "தள்ளுங்கடா! வழிய விடுங்கடா!" என்று அழுதுகொண்டே கத்தினார். ரோட்டோரம் நின்ற தன் காரில் படுக்க வைத்ததும் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அண்ணன் தலையில் கட்டினார்.

"அண்ணி, ஏறுங்க. தஞ்சாவூர் போயிடலாம்."

கார் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே அமிர்தலிங்கம் கண்ணைத் திறந்துவிட்டார். படுக்க வைத்ததாலேயே தெளிவு வந்துவிட்டது. மேலே தொங்கிய துண்டின் முனையை இழுத்துப் பார்த்தார். எதிர்க்கட்சிக் கரை!

"எவன்டா இதை என் தலையில கட்டுனது?" என்றார் ஈனஸ்வரத்தில்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த துரைராசுவின் முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்கும் தெரியாது. மங்களம் மட்டும் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாதீங்க, நெஞ்சு அலட்டிக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்தும் பத்தவில்லையே, இரண்டாகக் கொடுத்திருக்க வேண்டுமோ என்றுதான் அவள் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இவரை முதலிலிருந்தே பார்க்கும் இதய டாக்டரம்மா அன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. வயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ பார்த்தார்கள். கழுத்தில் ரத்தக்குழாயையும் பார்த்தார்கள். துரைராசு கதவோரம் நின்றார்.

மங்களம் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"மாரடைப்பு இல்லை" என்றார் டாக்டரம்மா கடைசியில்.

"இல்லீங்களா?"

"இல்லை. இதயத்துல ஒரு கோளாறும் புதுசா இல்லை. பிரஷர்தான் பாதாளத்துக்குப் போயிருக்கு. குந்தி எந்திரிச்சதும் மூளைக்கு ரத்தம் ஏறலை, அதான் மயக்கம். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை." அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு மாத்திரைதானே சாப்பிடுறீங்க? தண்ணி குடிக்காம வெயில்ல நின்னீங்கன்னாலும் இவ்ளோ இறங்காதே."

"ஒண்ணுதாங்க. நீங்க சொன்ன நாள்லேருந்து ஒண்ணுதான்."

மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அதை அப்புறம் பாப்போம். இஞ்ச வந்து இதைப் பாருங்கம்மா" என்று டாக்டரம்மா மங்களத்தைத்தான் கூப்பிட்டார். திரையில் இரண்டு படம். "இது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது. இது இப்ப எடுத்தது. இந்தச் சுவர் எவ்ளோ தடிமனா இருக்கு பாருங்க. இப்ப பாருங்க."

மங்களத்துக்குப் படம் புரியவில்லை. ஆனால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருப்பது தெரிந்தது.

"மெலிஞ்சு போச்சுங்களே! அது கெட்டதில்லையா?"

"நல்லது. அவர் உடம்பு அவ்ளோ பெருசா இருந்தப்ப, இதயம் ராப்பகலா ரெண்டாள் வேலை பார்த்துச்சு. அதுலதான் சுவர் தடிச்சுப் போச்சு. இப்ப எடை இறங்குச்சு, சர்க்கரை இறங்குச்சு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதும் போச்சு. வேலை குறைஞ்சதும் சுவர் பழையபடி ஆயிட்டு வருது. கழுத்துக் குழாயும் முன்னைக்கு இளகியிருக்கு."

"வயித்தைத்தானேம்மா அறுத்தாங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வயித்தைத்தான் அறுத்தாங்க. இதயத்தை யாரும் தொடலை. ஆனா வயித்துக்குள்ள போறது குறைஞ்சா இதயம் சுமக்கிறதும் குறையுதுல்ல?"

"அப்ப இவங்கப்பா மாதிரி, இவங்கண்ணன் மாதிரி..." மங்களத்தால் முடிக்க முடியவில்லை.

"வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். குடும்ப வாகு இருக்கு. கொழுப்பு மாத்திரையை விடக் கூடாது, சத்து மாத்திரையை விடக் கூடாது, நடக்கணும், வருஷா வருஷம் வந்து காட்டணும். ஆனா போன வருஷம் இவர் படியேறி வந்தப்ப எனக்கு இருந்த பயம் இப்ப இல்லை. பாதிக்கு மேல போயிடுச்சு."

அவ்வளவுதான். மங்களம் உடைந்து போனாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதாள்.

"நான்தாம்மா குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

"நீங்க நிறுத்தச் சொன்ன மாத்திரை ரெண்டையும். தெனமும் கஞ்சியில நுணுக்கிப் போட்டேன். இன்னைக்கு வெயில்ல போறாரேன்னு ஒண்ணு கூட வேற போட்டேன். அவரைக் காப்பாத்தணும்னுதாம்மா... நானே அவரை வயல்ல தள்ளிட்டேனே!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் வந்திருக்கும்.

"அடிப்பாவி!" என்றார் அமிர்தலிங்கம் படுக்கையிலிருந்து. "சுக்குன்னு சொன்னியேடி! மூணு மாசமாச் சுக்கு சுக்குன்னு என்னைக் குடிக்க வச்சியேடி!"

"ஏசுங்க. நல்லா ஏசுங்க. எனக்கு வேணும்."

"அம்மா, இதைக் கேட்டுக்குங்க" என்று டாக்டரம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்தார். "அந்த மாத்திரை நூத்தைம்பது கிலோ உடம்புக்குக் குடுத்தது. இப்ப அந்த உடம்பும் இல்லை, அந்த பிரஷரும் இல்லை. இருக்கிற பிரஷரையும் அது இறக்கிப்போடும். விழுந்த இடத்துல கல்லு பட்டிருந்தா என்னாயிருக்கும்? பயமா இருந்தா என்கிட்ட கேளுங்க, நூறு தடவை வேணும்னாலும் கேளுங்க. நீங்களா குடுக்காதீங்க."

மங்களம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். கடைமடைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"வெள்ளம் வந்தா வடிகாலைத் திறந்து விடுவோம்" என்றாள் மெதுவாக. "வெள்ளம் வடிஞ்ச பொறவும் அடைக்காம விட்டா மேட்டு வயலுக்குச் சொட்டுத் தண்ணி ஏறாது. நான் அதைத்தான் பண்ணியிருக்கேன், இல்லீங்களா?"

"அதேதான்."

"இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா நான் ஏம்மா நுணுக்கப் போறேன்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமிர்தலிங்கமும் சிரித்தார். கையை நீட்டினார். மங்களம் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நான் போயிடுவேன்னு அவ்ளோ பயமா?"

"பின்னே இல்லாம? தூங்குறப்ப உங்க மூக்குல கைய வச்சு வச்சுப் பாப்பேன். பதினோரு மாசமா நான் ஒரு நாளும் நிம்மதியாத் தூங்கலை."

அமிர்தலிங்கம் அவள் கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். ஒழுங்காக, அவசரமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.

மொபைல் அடித்தது. எழிலரசி. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அலறினாள். "ஒண்ணுமில்லடி, உங்கப்பா நல்லாயிருக்காரு. உங்கம்மாதான் சரியில்லை. வந்தப்பறம் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள் மங்களம். இதோடு இந்த அத்தியாயத்தை முடித்து உங்களைச் சந்தோஷமாக அனுப்பியிருக்கலாம். முடிக்க விடாமல் அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மாதான் முதலில் கவனித்தார். வெளியே போகத் திரும்பியவர் கதவருகே நின்றுவிட்டார்.

"நீங்க யாரு?"

"அவரு தம்பிங்க. துரைராசு."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"அண்ணனைத் தூக்கிட்டு வந்தேங்க, வயல்லேருந்து."

"நீங்க வந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே!"

அப்போதுதான் எல்லோரும் துரைராசுவைப் பார்த்தார்கள். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. ஏ.சி. அறையில் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. வயசாயிடுச்சுல்ல. மாடி ஏறினா இப்படித்தான் வாங்கும், அப்பறம் சரியாப் போயிடும்."

"எத்தனை நாளா?"

துரைராசு அண்ணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒரு ரெண்டு வருஷமா இருக்கும்."

"வந்து உக்காருங்க."

"அதெல்லாம் வேணாங்க. நான் கெளம்புறேன், மருதவனக்குடியில அளவை பாதியில நிக்குது..."

"உக்காருடா" என்றார் அமிர்தலிங்கம்.

இரண்டு வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். காரில் துண்டைப் பற்றிக் கேட்டதைக் கணக்கில் சேர்க்க முடியாது. துரைராசு மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார்.

நர்ஸ் பிரஷர் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றினாள். எட்டவில்லை. பெரிய பட்டையைக் கொண்டுவந்து சுற்றினாள். பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா மறுபடி தானே பார்த்தார். பிறகு மற்றக் கையிலும் பார்த்தார்.

"இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றார். "இ.சி.ஜி. எடுங்க. உடனே எக்கோ."

"எனக்கா?" என்றார் துரைராசு. "எனக்கும் அந்த ஆபரேஷன் பண்ணணுமாங்க?"

"அது எல்லாருக்கும் இல்லை. மொதல்ல இந்த பிரஷரை இறக்கணும், நெஞ்சு எப்படி இருக்குன்னு பாக்கணும். அப்புறம் நிதானமாப் பேசலாம். நல்ல நேரத்துல வந்து மாட்டிக்கிட்டீங்கன்னு வச்சுக்குங்க."

துரைராசுவின் சட்டைப் பையில் மொபைல் அலறியது. கை இரண்டும் சும்மா இல்லாததால் மங்களம்தான் எடுத்துப் பார்த்தாள். கம்பெனி ஆள். வயலில் இவருக்காகக் காத்திருக்கிறார்களாம், வந்து ஒப்புக்கொண்டால் அண்ணன் இல்லாமலேயே இன்றைக்கே அளவையை முடித்துவிடலாமாம். அத்தனையையும் ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள்.

"என்ன சொல்லட்டும் தம்பி?" என்றாள் மங்களம்.

துரைராசு மொபைலைப் பார்க்கவே இல்லை. அவர் கண் நர்ஸ் கொண்டுவந்து வைத்த வயர்களின் மேல் இருந்தது. மங்களம் "பொறவு கூப்புடுங்க" என்று சொல்லிக் கட் பண்ணினாள்.

அமிர்தலிங்கம் குளுக்கோஸ் ஊசியோடு கட்டிலிலிருந்து மெல்ல இறங்கினார். டாக்டரம்மா "மெதுவா, மெதுவா" என்றார். அவர் மெதுவாகவே இறங்கி நின்றார். நின்று, கட்டிலைக் காட்டினார்.

"படு."

துரைராசு சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவ்வளவு பெரிய மனுஷன், நர்ஸ் ஒட்டிய வயர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"அண்ணே."

"என்னடா?"

"அப்பாவுக்கு வந்ததுதானே எனக்கும்? பயமா இருக்குண்ணே."

அமிர்தலிங்கம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியின் ஈர நெற்றியைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

"எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சு. நான் இருக்கேன், படுத்துக்க."